ஆற்றின் உழைப்பும் நகரின் பொறுப்பும்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் சமூக அடிப்படை

இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலிலே, மான்செஸ்ரர் நகரின் ஏர்க் ஆற்றினை ஏங்கெல்ஸ் விவரித்துள்ளார். ஆலைக்கழிவும் வீட்டுக்கழிவும் சேர்ந்து கரிய சாக்கடையாகிவிட்ட அவ்வாற்றங்கரையிலேதான் தொழிலாளர் குடியிருக்க நேர்ந்தது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் அப்பகுதியை யதார்த்த விவரணத்தின் சிறப்புக்காகப் படிப்பதோடு அமைந்துவிடுகிறோம். எனினும், அது எழுப்பும் வினா முக்கியமானது: ஒரு நகரின் கழிவைத் தூய்மையாக்கும் வேலை யாருடையது? இதற்கு விடை காண்பதற்கு, ஆற்றிலே நிகழ்வது யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஆற்றுநீரில் வாழும் பற்றீரியாக்கள் கழிவை உணவாகக் கொண்டு சிதைக்கின்றன. அச்செயலுக்கு நீரிற் கரைந்துள்ள ஒட்சிசன் தேவை. 20 பாகை செல்சியசில் ஓர் இலீற்றர் ஆற்றுநீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனையே கொள்ளும். வீட்டுக் கழிவுநீர் ஓர் இலீற்றரோ பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஒட்சிசனை வேண்டி நிற்கும். அதாவது, ஓர் இலீற்றர் கழிவுநீர் இருபது இலீற்றருக்கும் மேற்பட்ட ஆற்றுநீரின் ஒட்சிசன் முழுவதையும் உண்டுவிடத் தக்கது. மீன்கள் மடிவதும் துர்நாற்றம் எழுவதும் இதன் விளைவுகளே. ஆறு தன்னைத் தானே தூய்மையாக்கும் என்னும் நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. அவ்வாற்றலுக்கு ஓர் எல்லையுண்டு என்பதே மனங்கொளத்தக்கது.

இவ்வெல்லையை அளவிடும் முயற்சி பிரித்தானியாவில் 1898இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழுவினால் மேற்கொள்ளப்பட்டது. வெளியேற்றும் நீரின் ஒவ்வோர் இலீற்றரிலும் மிதக்கும் திண்மங்கள் 30 மில்லிகிராமையும், ஐந்து நாள் ஒட்சிசன் தேவை 20 மில்லிகிராமையும் விஞ்சலாகாது என்ற நியமத்தை 1912இல் அது முன்வைத்தது. அந்நீரை ஆறு குறைந்தது எட்டு மடங்கு நீரால் ஐதாக்கும் என்பது அதன் எடுகோள்.

இந்நியமத்தை எய்தும் வழிகளுள் ஒன்று மான்செஸ்ரர் நகரிலேயே பிறந்தது. ஆர்டேண், லொக்கெற் ஆகிய இருவரும் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் நடாத்திய பரிசோதனைகளை 1914இல் வெளியிட்டனர். காற்றூட்டிய கழிவுநீரில் அடியிற் படிந்த சேற்றை அவர்கள் வீசவில்லை. புதிய கழிவுநீருடன் மீண்டும் மீண்டும் கலந்தனர். சேற்றிலே பற்றீரியாக்கள் பெருகவே, வாரக்கணக்கில் நிகழ்ந்த மாற்றம் மணித்தியாலக் கணக்கில் நிகழலாயிற்று. 1916இல், செவேர்ண் ஆற்றங்கரையிலுள்ள வூஸ்ரர் என்னும் சிறுநகரம் இம்முறையை முழுவளவில் முதன்முதலாக நிறுவிய இடங்களுள் ஒன்றாயிற்று.

இன்றும் பல சிறுநகர நிலையங்களின் அமைப்பு இதுவே. கந்தலும் மணலும் முதலில் அகற்றப்படும். பாரமான திண்மங்கள் தொட்டியிற் படியும். அடுத்த தொட்டியில் காற்றூட்டப்படும். இறுதித் தொட்டியிற் சேறு பிரிய, தெளிந்த நீர் ஆற்றைச் சேரும். பல மைல் தூரம் ஓடி ஆறு செய்ய வேண்டிய வேலையை ஒரு சில தொட்டிகளுள் ஒடுக்கிச் செய்வதே இதன் சாராம்சம் எனலாம்.

ஆயின், ஆறு கூலியின்றிச் செய்த வேலைக்கு இங்கே மின்சாரமும் மனித உழைப்பும் தேவைப்படுகின்றன. செலவைச் சுருக்கினால் அதன் பயன் நிலைய உரிமையாளருக்கு. கேடோ கீழ்நிலத்தில் நீரள்ளுவோருக்கும் மீன்பிடிப்போருக்கும். இங்கிலாந்தின் நீர்ச்சேவை 1989இல் தனியார்மயமாக்கப்பட்டது. பெருமழையின்போது குழாய்கள் நிரம்பாதிருக்க அமைக்கப்பட்ட வழிவுவாய்கள், 2023இல் மட்டும் அந்நாட்டில் 464,056 தடவைகள் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை வெளியேற்றியதாக அரச பதிவுகள் காட்டுகின்றன. விஞ்ஞானம் நூறாண்டுக்கு முன்பே வழிகாட்டியிருந்தும் நிலைமை இதுவாயின், குறை விஞ்ஞானத்தினுடையதன்று.

இலண்டன் மக்களின் கழிவு, நிலத்துக்கு உரமாவதை விடுத்துப் பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை மாசுபடுத்துவதை, ‘மூலதனம்’ மூன்றாந் தொகுதியில் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். நகரும் கிராமமும் பிளவுண்டதன் விளைவு அது. சுத்திகரிப்பு நிலையம் அப்பிளவை ஒழித்துவிடாது. ஆயினும், மேற்கரையில் வாழ்வோர் கீழ்க்கரையில் வாழ்வோருக்குச் செலுத்த வேண்டிய கடனை அது நமக்கு நினைவூட்டுகிறது. அக்கடனை ஒழுங்காகத் தீர்ப்பிக்கும் பொறுப்பு சமூகத்தினுடையது.