சிரித்தால் மறந்துவிட்டதாக ஆகுமா? – கலஹாவிலிருந்து ஒரு கேள்வி

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் அம்மாயிக்கு ஒரு சிக்கல் வரும். நவம்பர் 2 ஆன்மாக்கள் திருநாள். இறந்த உறவினர்களின் பெயர்களை எழுதிக் கோவிலில் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். அம்மாயி தன் அப்பா, அம்மா, கணவர், பிறந்து ஒரு மாதத்தில் போன மூத்த குழந்தை என்று வரிசையாகச் சொல்ல, நான் எழுதுவேன். கடைசியில் தம்பியின் பெயரில் வந்து நிற்பார்.

1977 கலவரத்துக்குப் பிறகு கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து வவுனியாவுக்குப் போனவர் அந்தத் தம்பி. பிறகு கிளிநொச்சியில் காணி வெட்டிக் குடியேறினார். 2009 ஜனவரிக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. எனவே அவர் பெயரை இறந்தவர்களின் தாளில் எழுத அம்மாயி விடுவதில்லை. தனியாக ஒரு துண்டில் பெயரை மட்டும் எழுதச் சொல்வார். வேறு ஒரு சொல்லும் இருக்காது.

"சாமிகிட்ட பேர சொல்லியாச்சு. செத்தவன்னும் சொல்லல, இருக்கான்னும் சொல்லல. அவருக்குத் தெரியும்" என்பார்.

இதே அம்மாயிதான் டிசெம்பரில் கரோல் பாடும் பிள்ளைகள் லயத்துக்கு வந்தால் இஸ்தோப்பில் நின்று கைதட்டிப் பாடுவார். பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, இன்னொரு பாட்டுப் பாடச் சொல்வார். சில வருடங்களுக்கு முன் அந்தத் தம்பியின் மகள் கிளிநொச்சியிலிருந்து வந்திருந்தார். முள்ளிவாய்க்கால் வழியாக மெனிக் பாமுக்குப் போய் மீண்டவர். 2009க்குப் பிறகு அவர் வீட்டில் நத்தார் கொண்டாடியதில்லை. அம்மாயி பாடியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "உங்களால எப்பிடி அத்தை சிரிக்க முடியுது? நான் சிரிச்சா அப்பாவ மறந்த மாதிரி இருக்கு."

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. போரில் ஆட்களை இழந்த பல வீடுகளில், எந்த மதத்தினர் என்றாலும், இது சொல்லப்படாமலே இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு ஒரு கூடுதல் பாரமும் உண்டு. எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், இருப்பதில் திருப்தியாயிருங்கள் என்று பிரசங்கங்களில் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். முடியாவிட்டால் தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தின் மூலநூல்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்தில் 'திருப்தி' என்ற சொல்

பேராதனையிலிருந்து தெல்தோட்டை நோக்கி ஏறும் பாதையில் இருக்கிறது கலஹா. இதற்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் வணிகத் தேயிலைப் பயிர்ச்செய்கை அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக எங்கள் மக்கள் நடந்து வந்துவிட்டார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம்.

அவர்களுக்காக 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரிலேயே ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கப்பட்டது. கோப்பித் துரைமார் அதற்குப் பணம் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாகப் போனார்கள். வேதாகமத்தோடு எழுத்தும் லயங்களுக்குள் வந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் கூலியைத் தீர்மானிக்கிற துரையே பிரசங்கத்துக்கும் பணம் கொடுக்கும்போது ஒரு கேள்வி எழத்தான் செய்யும். 'உள்ளது போதும் என்றிரு' என்ற போதனை யாருக்கு லாபம்?

அந்தக் கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்குப் பல வருடங்கள் போராடி 2021இல்தான் அது கிடைத்தது. இப்படிப்பட்ட ஒரு சமூகத்திடம் திருப்தி பற்றிப் பேசுகிறவர், அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாரா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சிறையிலிருந்து வந்த கடிதம்

கிறிஸ்தவர்கள் சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்போது அதிகம் காட்டுவது, புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தை. நான்கு அதிகாரங்கள் கொண்ட சிறிய கடிதம். மகிழ்ச்சி என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவர் அப்போது சிறையில் இருந்தார். உயிரோடு வெளியே வருவாரா என்பது அவருக்கே தெரியாது.

அதில்தான் எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாக அவர் சொல்கிறார். புரொட்டஸ்தாந்து சபைகள் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதற்கு 'மனரம்மியம்' என்ற அழகான சொல்லைப் போட்டிருக்கிறது. கிரேக்க மூலத்திலுள்ள சொல், அந்தக் காலத்து ஸ்தோயிக் தத்துவவாதிகளுக்குப் பிடித்தமானது. எவரையும் எதையும் சாராமல், எதற்கும் அசையாமல் தனக்குள் நிறைந்திருப்பதே அவர்களுக்கு அதன் பொருள்.

பவுல் அந்தச் சொல்லை எடுத்து வேறு இடத்தில் வைக்கிறார். இந்தப் பகுதி உண்மையில் ஒரு நன்றிக் கடிதம். பிலிப்பி நகரத்துச் சபையார் ஒரு நண்பர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பலம் தருகிறவர் இருக்கிறார் என்று சொன்ன கையோடு, என் துன்பத்தில் நீங்களும் பங்கெடுத்தது நல்லது என்றும் எழுதுகிறார். கற்றுக்கொண்டேன் என்கிறார். அப்படியென்றால் அது பிறக்கும்போதே இருந்ததல்ல, ஒரே நாளில் வந்ததும் அல்ல.

சிறையில் இருப்பது சரி என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. தன் திருப்தியை மற்றவர்கள் மீது சட்டமாகச் சுமத்தவும் இல்லை. அவர் தன் பசியைப் பற்றித்தான் பேசினார். அடுத்தவருடைய பசியைப் பார்த்துப் 'போதும்' என்று சொல்ல அந்தக் கடிதம் யாருக்கும் அனுமதி தரவில்லை.

அழுவதற்கும் இடம் உண்டு

வேதாகமத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு புலம்பல். ஏன் கைவிட்டீர், எவ்வளவு காலம் என்று கடவுளிடமே சண்டைபோடும் பாட்டுகள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் யாரும் நீக்கவில்லை. பாடப்பட வேண்டிய பாட்டுகளோடு அதுவும் இருக்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவும் அப்படியொரு புலம்பலைத்தான் வாய்விட்டுச் சொன்னார்.

இன்னொரு கதையை எங்கள் கோவில்களில் அவ்வளவாகக் கேட்க முடிவதில்லை. சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 21ஆம் அதிகாரம். ரிஸ்பாள் என்ற தாயின் இரண்டு பிள்ளைகள், வேறு ஐந்து பேரோடு, அரசியல் கணக்குத் தீர்ப்பதற்காகக் கொல்லப்படுகிறார்கள். உடல்கள் வெளியில் விடப்படுகின்றன. அவள் பாறையில் சாக்குத்துணியை விரித்து உட்காருகிறாள். அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களை நெருங்க விடவில்லை. செய்தி தாவீது ராஜாவுக்குப் போகிறது. எலும்புகள் சேகரிக்கப்பட்டு அடக்கம் நடக்கிறது. அதற்குப் பிறகுதான் தேசத்துக்கான மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று கதை சொல்கிறது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் உட்கார்ந்த தாய்மாரை அறிந்த வாசகர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. 'மறந்துவிட்டு நிம்மதியாயிரு' என்று ரிஸ்பாளிடம் வேதாகமம் சொல்லவில்லை. அவள் எழுந்து போகாததால்தான் ராஜா அசைந்தான்.

மலையும் வன்னியும்

போர் வடக்குக் கிழக்கோடு முடிந்த கதை என்று பலர் நினைக்கிறார்கள். 1977, 1981, 1983 வன்முறைகளில் விரட்டப்பட்ட மலையக மக்கள் ஆயிரக்கணக்கில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள். எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியேற்றியது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கலவரத்துக்குப் பயந்து ஓடியவர்கள் போருக்குள் அகப்பட்டார்கள். அதனால் கலஹாவின் லயங்களிலும் முள்ளிவாய்க்காலுக்கு ஆள் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன.

அந்த நாட்களில் திருச்சபையிலும் எல்லோரும் மௌனமாக இருக்கவில்லை. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்த இடம் அது. 2017இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. கண்டியையும் உள்ளடக்கிய குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலைக்குப் பிறகு, சிங்களவர்கள் தங்கள் தவறை ஏற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மேய்ப்புப்பணிக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். விசுவாசம் தந்த மனநிறைவு இவர்களை ஓய்ந்திருக்க விடவில்லை. அதிகாரத்திடம் பேசும் துணிச்சலை அது தந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு

'கடவுளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது', 'நல்லவர்களைத்தான் அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார்', 'விசுவாசித்தால் கவலை பறந்துவிடும்' போன்ற வசனங்களை இழவு வீட்டில் தவிர்ப்பது நல்லது. கேட்பவர் அழுகையை விழுங்கிக்கொள்வார். அதைச் சொல்பவர் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வார். பேசாமல் பக்கத்தில் இருப்பதும், போனவருடைய பெயரைத் தயங்காமல் சொல்வதும், வருடா வருடம் அந்த நாளை நினைவில் வைத்து வீட்டுக்குப் போவதும் அதைவிட மேல்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு உள்ளது முடிவு தெரியாத இழப்பு. சடங்கு செய்யவும் முடியாது, செய்யாமல் இருக்கவும் முடியாது. இதைப்பற்றி ஆராய்ந்த உளவியலாளர் போலின் பாஸ், இரண்டு எண்ணங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கப் பழகுவதுதான் வழி என்கிறார். அவர் இல்லாமல் இருக்கலாம், இருக்கவும் கூடும். அம்மாயியின் தனித் துண்டு அதைத்தான் செய்கிறது. கோவில் அதை எந்தப் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் அப்படியே வாசிப்பது பெரிய காரியம்.

செபம் ஒரு துணை, ஆனால் மருந்துக்குப் பதிலாகாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருமானால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். அப்படிப் போவது விசுவாசக் குறைவல்ல.

அம்மாயி சொன்ன பதில்

அன்றிரவு பிள்ளைகள் போன பிறகு அம்மாயி அடுப்படியில் உட்கார்ந்து தம்பி மகளிடம் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். "ஒங்கப்பன்தான் புள்ள எனக்கு இந்தப் பாட்டெல்லாம் சொல்லிக்குடுத்தான். கரோல் போறப்ப மேளம் அவன்தான் அடிப்பான். நா பாடாம இருந்தா அவன எங்க வச்சுக்கிறது?"

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அழுதார். அம்மாயியும் அழுதார். காலையில் பீலிக்குப் போய் முகம் கழுவிவிட்டு, ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, இருவரும் சேர்ந்து பூசைக்குப் போனார்கள். 2009க்குப் பிறகு அது அவருடைய முதல் நத்தார்ப் பூசை.

கிளிநொச்சிக்குத் திரும்பிய பிறகும் அவர் போராட்டப் பந்தலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அப்பாவின் படத்தைப் பிடித்தபடி இன்னும் நிற்கிறார். ஆனால் இப்போது டிசெம்பரில் வீட்டு வாசலில் ஒரு நட்சத்திரக் கூடும் தொங்குகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்று போன வருடம் தொலைபேசியில் சொன்னார்.