பழவேற்காடு: கைலிக்குப் பெயர் தந்த கடலோர ஊர்

நம் வீடுகளில் பாளையக்காட் கைலி இல்லாத வீடு அபூர்வம். வாப்பாவும் பாட்டனாரும் அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போனார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் உறவினர்களிடம் கேட்டால், அங்குள்ள மலாய் மக்கள் தொழுகைக்குக் கட்டும் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலிகாட்' என்று அழைப்பதாகச் சொல்வார்கள். இரண்டு பெயர்களுக்கும் மூலம் ஒரே ஊர்தான். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் பழவேற்காடு என்ற மீன்பிடி ஊர். ஐரோப்பியர் வாயில் அது 'புலிக்காட்' ஆனது.

விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று யோசிப்பவர்களுக்கு இந்த ஊரைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது தெரிந்து போனால்தான் பயணத்தில் பயன் உண்டு. இல்லையென்றால் மீன் வாங்கிக்கொண்டு, பாழடைந்த சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

துணியும் துறைமுகமும்

இவ்வூரில் முஸ்லிம்கள் எப்போது குடியேறினார்கள் என்பதற்கு ஊரில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அரபு நாட்டில் ஆட்சியாளரோடு ஏற்பட்ட பிணக்கால் வெளியேறிய சிலர் நான்கு படகுகளில் புறப்பட்டார்கள், அவற்றில் ஒன்று இங்கே கரை சேர்ந்தது என்பார்கள். இதை வரலாற்று ஆதாரமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கே முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள், இங்கிருந்து நெய்த துணி கடல் கடந்து போனது என்பதில் மட்டும் ஐயமில்லை.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். அடுத்து வந்த டச்சுக்காரர்கள் 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். போர்த்துக்கீசியர் அதைத் தாக்கவே, 1613-ல் கோட்டை கட்டினார்கள். தங்கள் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அதற்கு 'கெல்டிரியா' என்று பெயரிட்டார்கள்.

டச்சுக்காரர்களுக்கு இந்தச் சிறிய ஊரின்மேல் ஏன் இத்தனை ஆசை? அவர்கள் தேடி வந்தது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த இந்தோனேசியத் தீவுகளின் மக்கள் வெள்ளியைவிட நம் கடற்கரையின் துணியைத்தான் விரும்பி வாங்கினார்கள். எனவே இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, நறுமணப் பொருளை ஏற்றிக்கொண்டு போனார்கள். 1690 வரை சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் இதுவே அவர்களுடைய தலைமையிடம். பிறகு தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-ல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தபின் மீண்டும் இங்கேயே திரும்பினார்கள். 1825-ல் பழவேற்காடு முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இந்த வணிகத்தைப் பெருமையோடு பேசும் நாம், இதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், பசிக்கு விலைபோன ஏழைகளை டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் அனுப்பியது. அடிமையை விடுதலை செய்வதைப் பெரும் நன்மையாகக் கற்றுத்தந்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், கைலியின் கதையைச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாதி வரலாறு வெறும் பெருமைப் பேச்சாகவே முடியும்.

என்னென்ன பார்க்கலாம்?

கோட்டையில் இன்று கட்டடம் என்று சொல்ல எதுவும் இல்லை. அகழியும், முட்புதர் மூடிய மேடும், இடிபாடுகளுமே மிச்சம். ஆனால் அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. பிற சமயத்தாரின் அடக்கத்தலம்தானே என்று பிள்ளைகளைக் கல்லறைகள்மேல் ஏறி விளையாட விட வேண்டாம். நம் மையவாடியில் எப்படி நடப்போமோ அப்படியே அங்கும் நடப்போம். மண்ணுக்குள் போனபின் கவர்னரும் கப்பல்காரனும் ஒன்றுதான் என்ற பாடம் அந்த வாசலிலேயே இருக்கிறது.

ஊரின் பழைய பள்ளிவாசல்களையும் அவசியம் பார்க்க வேண்டும். இங்கே தொழுகை நேரம் அறிய வைத்த பழைய சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் பாங்கு கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல வகுப்பறை. சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் மிகக் குறுகி நிற்கும். உச்சி சாய்ந்து நிழல் மறுபடி நீளத் தொடங்கியதும் லுஹர் நேரம் ஆரம்பமாகிறது. உச்சிநேர நிழலைக் கழித்துவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானால் ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் நேரம் வந்துவிடும். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி நிழல் இரு மடங்காக வேண்டும். ஒரு குச்சியை வெயிலில் நட்டு வைத்து இதைப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாம். மறக்கவே மாட்டார்கள்.

இவ்வூர் லெப்பை சமூகப் பெண்கள் பனையோலையில் பெட்டி, கூடை, தட்டு முடைவதில் பெயர் பெற்றவர்கள். கூட்டுறவுச் சங்கம் வைத்தும் விற்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே ஹலாலாகச் சம்பாதிக்கும் கைத்தொழில் இது. நூறு ரூபாய்ப் பெட்டிக்குப் பேரம் பேசி அம்பது கொடுக்காதீர்கள். திருமணத்துக்கும் பெருநாளுக்கும் பிளாஸ்டிக் தட்டு வாங்குவதற்குப் பதில் இவர்களிடம் மொத்தமாகச் சொல்லிச் செய்துவாங்கினால் ஒரு வீட்டில் அடுப்பு எரியும்.

ஏரியும் மீனவர்களும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. இந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் செழிக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருவதும் இதற்காகத்தான்.

இங்குள்ள மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்களை வரையறுத்து, யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடாது. பாட்டு உரிமை இல்லாத பிரிவினரோடு சச்சரவுகள் எழுந்ததும் உண்டு. ஆனாலும் அல்லாஹ் பொதுவில் தந்த ரிஸ்கை அடித்துப் பிடுங்காமல் முறைவைத்து எடுப்பது நாமும் கற்க வேண்டிய பண்பு.

அவர்களுடைய இன்றைய கவலை முகத்துவாரம். மணல் சேர்ந்து அது அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, மீன்குஞ்சும் வராது, படகு வெளியே போகவும் வழியிருக்காது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் கடலரிப்பு கூடும் என்று சொல்லியும் அவர்கள் போராடி வருகிறார்கள். மீன் வாங்கும்போது இரண்டு வார்த்தை நின்று கேட்டால் அவர்களே விளக்கிச் சொல்வார்கள்.

போகும்முன் கவனிக்க

முதலாவது, படகு. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து, குடும்பமாக வந்த 22 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. யாராவது தனியாகக் கூப்பிட்டு, "சும்மா ஒரு சுற்றுதான் பாய், ஒண்ணும் ஆகாது" என்றாலும் ஏறாதீர்கள். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பது. உயிர்காப்புச் சட்டையும் இல்லாமல் குழந்தையோடு மீன்பிடிப் படகில் ஏறுவது தவக்குல் ஆகாது.

இரண்டாவது, தொழுகை. சென்னையிலிருந்து போகிறவர்கள் பயணத் தொழுகையாகச் சுருக்கித் தொழலாமா என்று கேட்கிறார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் கஸ்ருக்கான தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் அளவில் வருகிறது. பழவேற்காடு அதற்குள் இருப்பதால் சென்னைவாசிகள் முழுமையாகவே தொழ வேண்டும். தூரத்து ஊர்களிலிருந்து வருபவர்கள் தங்கள் ஊர் எல்லையிலிருந்து கணக்கிட்டு, உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, வழி. கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பேருந்து இருக்கிறது. காரில் வருபவர்கள் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வந்து தச்சூர் கூட்டுச்சாலையில் பொன்னேரிக்குத் திரும்ப வேண்டும். குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டுவருவது நல்லது. கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துப்போவது அதைவிட நல்லது.

பூமியில் பயணம் செய்து முன்சென்றவர்களின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அதற்கு எகிப்துக்கும் பெட்ராவுக்கும் போக எல்லோருக்கும் வசதி இராது. பேருந்துக் கட்டணத்தில் போய்வரும் தூரத்திலேயே ஒரு பேரரசின் இடிபாடு இருக்கிறது. பக்கத்திலேயே வலை உலர்த்தும் மீனவரும் ஓலை முடையும் பெண்ணும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.