வேதம் யாருடைய சொத்து?

1983-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள். மத்திய அமெரிக்காவிலே உள்ள நிகரகுவா என்னும் சின்னஞ்சிறு நாட்டின் தலைநகரான மானாகுவாவில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வந்து இறங்குகிறார். விமான நிலையத்தில் அமைச்சர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையிலே நரைத்த தாடியுடன் ஒருவர். அந்நாட்டின் கலாசார அமைச்சர். அவரும் ஒரு பாதிரியாரே. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுகிறார், மண்டியிடுகிறார், போப்பாண்டவரின் மோதிரத்தை முத்தமிட முனைகிறார். போப்பாண்டவரோ கையை இழுத்துக்கொள்கிறார். விரலை ஆட்டி, திருச்சபையோடு உள்ள விவகாரத்தை முதலில் நேர்செய்துகொள்ளும்படி கண்டிக்கிறார். அந்தப் படம் உலகமெங்கும் பரவியது.

மண்டியிட்டவர் பெயர் எர்னெஸ்டோ கார்டெனல். புகழ்பெற்ற கவிஞர். அவர் செய்த குற்றம் என்ன? பாதிரியாராக இருந்துகொண்டு புரட்சி அரசில் பதவி ஏற்றார் என்பது ஏட்டில் எழுதப்பட்ட குற்றச்சாட்டு. அவர் செய்த பெரிய 'குற்றம்' வேறொன்று இருக்கிறது என்பது நமது கருத்து. அது பல ஆண்டுகளுக்கு முன்பே, ஓர் ஏரியின் நடுவே உள்ள தீவில் நடந்தது. அதைத்தான் இன்று தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மதம் என்றதுமே முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மில் உண்டு. 1844-இல் மார்க்ஸ் எழுதிய 'அபின்' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அதே பத்தியில் அவர் ஒடுக்கப்பட்டவனின் துயரத்தையும் சேர்த்தே பேசினார் என்பதை மறந்துவிடுவோர் அவர்கள். கொஞ்சம் பொறுத்து இந்தக் கதையைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நிகரகுவாவின் பெரிய ஏரியிலே சொலந்தினாமே என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட தீவுகள்; ஏறத்தாழ ஆயிரம் குடியானவர்களும் மீனவர்களும் வாழ்ந்த இடம். நாடோ 1937 முதல் சொமோசா குடும்பத்தின் பிடியில். 1966-இல் கார்டெனல் அங்கே போய்ச் சேர்ந்தார். கூரையும் சுவரும் சிதைந்து கிடந்த மாதா கோயிலை மக்களோடு சேர்ந்து எடுத்துக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மக்கள் படகிலே வந்தார்கள்.

பூசை என்றால் நடப்பது என்ன? பாதிரியார் மேலே நின்று பிரசங்கம் செய்வார். மக்கள் கீழே உட்கார்ந்து கேட்பார்கள். கார்டெனல் அந்த முறையை மாற்றினார். பிரசங்கத்தை நிறுத்தினார். எழுத்தறிந்தவர் கையில் சுவிசேஷத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, "இதற்கு என்ன பொருள்? நீங்கள் சொல்லுங்கள்" என்று மக்களையே கேட்டார்.

வலை வீசிய கைகளும் மண் கொத்திய கைகளும் வேதத்தைப் புரட்டத் தொடங்கின! ஏழைப் பெண்ணான மரியாள், வலியவர் ஆசனத்திலிருந்து தள்ளப்படுவதையும் எளியவர் உயர்த்தப்படுவதையும் பாடிய பகுதி ஒரு நாள் வந்தது. ஏரோது மன்னன் இதைக் கேட்டிருந்தால் அவளை என்னவென்று சொல்லியிருப்பான் என்ற கேள்வி எழுந்தது. பைத்தியக்காரி என்றிருப்பான், கம்யூனிஸ்டு என்றிருப்பான் என்று பதில் வந்தது. குழந்தைகளைக் கொன்ற ஏரோதுவைப் பற்றிப் படித்தபோது, அவர்களுக்குச் சொமோசாவின் முகம் தெரிந்தது. அந்த உரையாடல்களையெல்லாம் பதிவு செய்து 1975 முதல் நூலாக வெளியிட்டார்கள்.

பேச்சோடு நின்றதா? இல்லை. தூரிகை பிடித்தறியாத குடியானவர்கள் படம் வரையக் கற்றார்கள். அவர்கள் வரைந்த ஏசு தங்கள் தீவின் ஓலைக் குடிசையிலே பிறந்தார். ஏரோதுவின் படைவீரர்களுக்கு அவர்கள் சொமோசாவின் தேசியக் காவற்படை உடுப்பையே மாட்டிவிட்டார்கள்! 1975 வாக்கில் கார்லோஸ் மெஹியா கோதோய் என்ற பாடகர் குடியானவர்களுக்காக ஒரு பூசைப் பாடல் தொகுப்பை இயற்றினார். ஊர்த் திருவிழாவில் ஒலிக்கும் கித்தாரும் மரிம்பாவும் அதற்கு இசை. தெருவிலே வியர்வை சிந்தும் உழைப்பாளியாக ஆண்டவனே அதில் வருகிறார். மேலிடத்தார் பொறுப்பார்களா? கோயிலில் அதைப் பாடக் கூடாதென்று மானாகுவாப் பேராயர் தடை விதித்தார்.

இதுதான் தோழர்களே, நாம் சொன்ன அந்தக் 'குற்றம்'. வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமையை மேடையிலிருந்து இறக்கி, மக்கள் கையிலே கொடுத்தது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. 1977 அக்டோபர் 13-இல் அத்தீவின் இளைஞர்கள் சிலர் சாண்டினிஸ்டா முன்னணியின் தாக்குதலில் சேர்ந்து, சான் கார்லோஸ் நகரின் படை முகாமைத் தாக்கினார்கள். பிடிபட்டவர்கள் கொல்லப்பட்டதும் உண்டு. காவற்படை தீவுக்குள் புகுந்து குடியிருப்பை நாசமாக்கியது. நூலகமும் தப்பவில்லை. ஆனால் 1979 ஜூலை 19-இல் சொமோசா ஆட்சி வீழ்ந்தது. கார்டெனல் கலாசார அமைச்சரானார். ஏசு சபைப் பாதிரியாரான அவர் தம்பி பெர்னாண்டோ 1980-இல் நாடு தழுவிய எழுத்தறிவு இயக்கத்துக்குத் தலைமை வகித்தார். பல்லாயிரம் இளைஞர்கள் ஐந்து மாத காலம் கிராமங்களில் தங்கி எழுத்துக் கற்பித்தார்கள்.

திருச்சபையோ, பூசை செய்யும் உரிமையை எர்னெஸ்டோவிடமிருந்து பறித்தது. ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரியில்தான், போப்பாண்டவர் பிரான்சிஸ் அந்தத் தண்டனையை நீக்கினார். அப்போது அவருக்கு வயது 94.

கதையை இத்துடன் முடித்தால் நமக்குச் சுகமாக இருக்கும். மதபீடம் தவறு செய்தது, புரட்சி வென்றது என்று கைதட்டிக் கலைந்துவிடலாம். ஆனால் மீதிக் கதையையும் சொல்வதே நேர்மை.

கட்சியில் ஒரு தலைவரின் விருப்பமே சட்டமாகிவிட்டது என்று குற்றம் சாட்டி, 1994-இல் கார்டெனல் சாண்டினிஸ்டா முன்னணியை விட்டு விலகினார். 2007-இல் மீண்டும் பதவிக்கு வந்த ஒர்த்தேகாவின் ஆட்சியைச் சாகும்வரை கண்டித்தார். 2020 மார்ச் 1-இல் அவர் காலமானார். மானாகுவாப் பேராலயத்தில் இறுதிப் பூசை நடந்தபோது, ஆளுங்கட்சியின் ஆதரவாளர்கள் உள்ளே புகுந்து, சவப்பெட்டியின் முன்னாலேயே "துரோகி" என்று கூச்சலிட்டார்கள். குடியானவர் பூசைக்கு இசை தந்த மெஹியா கோதோயும் 2018-இல் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

1983-இல் ஒரு விரல் நீண்டது. 2020-இல் பல குரல்கள் எழும்பின. முதலாவது சிலுவைக்குப் பின்னாலிருந்து வந்தது; இரண்டாவது, ஒரு காலத்தில் அவரே தோளிலே சுமந்த கொடியின் பெயரால் வந்தது. அதிகார பீடத்தில் அமர்ந்தவன் எந்த நூலைக் கையில் வைத்திருந்தாலும், அதற்குத் தான் சொல்லும் பொருளே பொருள் என்கிறான். அந்த நூல் வேதாகமமாக இருக்கலாம். கட்சியின் வேலைத்திட்டமாகவும் இருக்கலாம்.

கார்டெனலின் ஆண்டவனை நாம் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் சங்கக் கூட்டத்துக்கு வரும் தொழிலாளியை ஏளனம் செய்வது என்ன நியாயம்? அவன் கையிலுள்ள நூலில் முதலாளிக்குப் பிடிக்காத பக்கங்கள் பல இருக்கின்றன. அவற்றை அவனோடு உட்கார்ந்து படிப்போமே!

நமது கிளைக் கூட்டங்களையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார்; முப்பது பேர் கேட்கிறார்கள்; முடிவில் தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறோம். பிரசங்கத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அடுத்த கூட்டத்தில், கடைசி வரிசையில் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் சுமைதூக்கும் தோழரிடம் அறிக்கையைக் கொடுத்து, ஒரு பத்தியைப் படிக்கச் சொல்வோம். படித்து முடித்ததும், "இதற்கு என்ன பொருள் தோழர்? நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்போம்.

அவர் சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காமலும் போகலாம். அப்போதும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.