நுவரெலியாவில் குளிர் இருந்தும் அப்பிள் ஏன் விளைவதில்லை?

"நானா, நுவரெலியாவில் ஸ்வெட்டர் போடாமல் நிற்க முடியாத குளிர். அப்படியிருந்தும் நாம் ஏன் சீனாவிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் அப்பிள் இறக்க வேண்டும்? மேலே கொஞ்சம் காணி எடுத்து அப்பிள் கன்று நட்டால் என்ன?"

கொட்டாஞ்சேனையில் பழ வியாபாரம் செய்யும் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நடந்து பாருங்கள். கடைகளின் முன்வரிசையில் அடுக்கியிருக்கும் அப்பிளும் விதையில்லாத் திராட்சையும் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. டொலர் ஏறினால் அவற்றின் விலையும் ஏறும். 2022 மார்ச் மாதம் 367 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டபோது பழங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த வருடம் பழக்காரர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே உள்நாட்டில் விளைவிக்க முடியுமா என்று யோசிப்பதில் பிழையில்லை. ஆனால் காணிக்கும் கன்றுக்கும் காசு கொடுப்பதற்கு முன், குளிர்ப் பிரதேசப் பழங்களைப் பற்றி உலக ஆராய்ச்சி நிலையங்கள் நூறு வருடங்களுக்கு மேலாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் சில விடயங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரம் வைத்திருக்கும் கணக்கு

அப்பிள், பியர்ஸ், பீச், பிளம்ஸ் போன்ற மரங்கள் குளிர்காலம் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறக்கத்துக்குப் போய்விடுகின்றன. அந்த உறக்கம் சும்மா கலைவதில்லை. குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்த பிறகுதான் மொட்டு விழிக்கும். இடையில் இரண்டு நாள் வெயில் அடித்தவுடன் பூத்து, அடுத்த பனியில் கருகிப் போகாமல் இருப்பதற்காக இறைவன் மரத்துக்குக் கொடுத்த பாதுகாப்பு அது.

ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குளிரை மணித்தியாலத்தில் கணக்கிடுகிறார்கள். வெப்பநிலை 0 பாகைக்கும் 7.2 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மரத்தின் கணக்கில் வரவு. பழைய ரெட் டிலிசியஸ் போன்ற இனங்களுக்கு 800 முதல் 1,000 மணித்தியாலம் வரை தேவைப்படும். அது மட்டுமல்ல, நடுவில் பகல் வெயில் சூடேறினால் சேர்ந்த வரவில் ஒரு பகுதி கழிந்தும் போகும்.

இப்போது நுவரெலியாவைப் பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். நமக்கு அது குளிர்தான். ஆனால் வருடம் முழுவதும் சராசரி வெப்பநிலை 16 பாகையை அண்டியே நிற்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில இரவுகளில் உறைபனி விழுந்தாலும் விடிந்து வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்துவிடும். மரம் எதிர்பார்ப்பது வாரக்கணக்கில் தொடரும் குளிர். நம்மிடம் இருப்பதோ இரவில் சில மணித்தியாலக் குளிர். அதனால் சாதாரண அப்பிள் கன்றை அங்கு நட்டால் மரம் வளரும், கிளை நுனியில் மட்டும் இலை துளிர்க்கும், பூ அங்கொன்று இங்கொன்றாக வரும். வீட்டுத் தோட்டத்தில் நாலு காய் பார்க்கலாம். வியாபாரத்துக்கு அது போதாது.

குளிர் குறைந்த இடத்தில் காய்க்க வைத்தவர்கள்

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மூன்று உதாரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, குறைந்த குளிரில் காய்க்கும் இனங்கள். பஹாமாஸ் தீவில் கண்டெடுக்கப்பட்ட டோர்செட் கோல்டன், இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அன்னா ஆகியவை சுமார் 300 மணித்தியாலம் அல்லது அதற்கும் குறைவான குளிரில் காய்ப்பவை. ஒன்றை மட்டும் நட்டால் போதாது. அப்பிளில் பெரும்பாலான இனங்களுக்கு மகரந்தம் கொடுக்க வேறொரு இனம் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்னாவுக்கு டோர்செட் கோல்டனைத் துணையாக நடுவது வழக்கம்.

இரண்டாவது, இந்தியாவின் இமாச்சலப் பிரதேசம். அங்கு 1916இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கர் கிராமத்தில் டிலிசியஸ் கன்றுகளை நட்டதிலிருந்துதான் அப்பிள் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. அதெல்லாம் உயர்ந்த மலைகளில். ஆனால் அதே மாநிலத்தில், கோடையில் 40 பாகை வெயில் அடிக்கும் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஹரிமன் சர்மா என்ற விவசாயி தன் தோட்டத்தில் முளைத்த ஒரு கன்றிலிருந்து எச்.ஆர்.எம்.என்.-99 என்ற இனத்தை உருவாக்கினார். இந்தியாவின் தேசிய கண்டுபிடிப்பு நிறுவனம் அதைப் பல மாநிலங்களில் நட்டுப் பரிசோதித்தது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மூன்றாவது உதாரணம் நமக்கு மிகப் பொருத்தமானது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மலாங் நகருக்கு அருகே பாத்து என்று ஒரு மலைநகரம் இருக்கிறது. நம்மைப் போலவே பூமத்திய ரேகைக்குப் பக்கம். உயரம் நுவரெலியாவை விடக் குறைவு. ஆனாலும் ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கு அப்பிள் விளைகிறது, அதுவும் வருடத்துக்கு இரண்டு போகம். இரகசியம் என்ன? அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன் அதைத் தட்டியெழுப்புவது போன்ற வேலை அது. மொட்டு உடனே விழித்துப் பூக்கிறது.

இதைக் கேட்டவுடன் யாரும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு இலையையும் கையால் உருவ எவ்வளவு கூலி என்று கணக்குப் பாருங்கள். அதிகரிக்கும் வெப்பத்தாலும் நோய்களாலும் பாத்துவிலேயே பல தோட்டக்காரர்கள் அப்பிளைக் கைவிட்டு வேறு பயிருக்குப் போயிருக்கிறார்கள். இமாச்சலத்திலும் கீழ்ப் பகுதித் தோட்டங்களில் குளிர் குறைந்து அப்பிள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. நாம் அப்பிளைத் தொடங்க நினைக்கும் நேரத்தில் குளிரே குறைந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

திராட்சையின் குணம் வேறு

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று அழைக்கப்படும் திராட்சை, குளிர்நாட்டில் உறங்கும் கொடிதான். ஆனால் அது அப்பிளைப் போல் பிடிவாதம் பிடிப்பதில்லை. வெப்பநாட்டில் அதை எழுப்பக் கத்தரிக்கோல் போதும். கொடியைக் கத்தரித்துவிட்டால் புதுத் துளிர் வரும், துளிரோடு பூங்கொத்தும் வரும். யாழ்ப்பாணத்தின் சிவப்பு மண்ணில் பந்தல் போட்டு இஸ்ரேல் புளூ என்ற இனத்தை வளர்ப்பவர்கள் இப்படித்தான் அறுவடைக் காலத்தைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் வருடம் முழுவதும் பன்னீர்த் திராட்சை கிடைப்பதும் இதனால்தான். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

நாசிக்கில் வேறு முறை. அங்கு ஏப்ரலில் ஒரு தடவையும் ஒக்டோபரை ஒட்டி இன்னொரு தடவையும் கத்தரிக்கிறார்கள். முதலாவது கிளை வளர, இரண்டாவது காய் பிடிக்க. அறுவடை ஜனவரி முதல் ஏப்ரல் வரை. இந்திய விதையில்லாத் திராட்சை கொழும்புக்கு அந்த மாதங்களில் குவிந்து விலை இறங்குவதற்குக் காரணம் அதுதான். யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தன் கத்தரிப்பை இந்த மாதங்களுக்கு வெளியே அறுவடை வருமாறு திட்டமிட்டால் அவருக்கும் நல்ல விலை கிடைக்கும், கொழும்பு வியாபாரிக்கும் சரக்கு கிடைக்கும். இரு தரப்பும் முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள இடமிருக்கிறது.

பெட்டியின் மேல் இருக்கும் பெயர்

நாம் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆராய்ச்சியின் பெயர் இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் பியூஜி ஜப்பானின் அவோமோரி மாகாணத்தில் புஜிசாகி என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1962இல் பெயரிடப்பட்டது. காலா நியூசிலாந்தில் பிறந்தது. இன்று பல நாடுகளில் ஓடும் ஹனிகிரிஸ்ப், கடுங்குளிரைத் தாங்கும் பழம் வேண்டுமென்று அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கிய கலப்பிலிருந்து வந்தது. 1991இல்தான் விவசாயிகளின் கைக்குக் கிடைத்தது. முப்பது வருடப் பொறுமை!

மரத்தைக் குட்டையாக்கியதும் ஆராய்ச்சிதான். இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் 1913இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் மோலிங் நிலையம், அப்பிளை எந்த அடிமரத்தில் ஒட்டினால் எவ்வளவு உயரம் வளரும் என்பதை வகைப்படுத்தியது. எம்-9 என்ற அடிமரத்தில் ஒட்டிய கன்று இரண்டு மூன்று வருடங்களில் காய்க்கத் தொடங்கும், ஏணியில்லாமல் பறிக்கலாம்.

கடைக்காரருக்கு நேரடியாகப் பயன்படுவது

விளைச்சலை விட நமக்கு நெருக்கமான ஆராய்ச்சி களஞ்சியத்தைப் பற்றியது. அப்பிள் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. அதன் மூச்சைக் குறைத்தால் ஆயுள் கூடும். கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்ததன் பயனாக 1929இல் கென்றில் முதலாவது வர்த்தகக் களஞ்சியம் அமைந்தது. குளிரோடு சேர்த்து, அறையிலுள்ள ஒட்சிசனையும் மிகவும் குறைத்துவிடுவதே அந்த முறை. 2002இல் அமெரிக்கா அனுமதித்த 1-எம்.சி.பி. என்ற வாயு, பழத்தைப் பழுக்க வைக்கும் எதிலீனின் வேலையைத் தடுக்கிறது. இவற்றால் ஒக்டோபரில் பறித்த அப்பிள் அடுத்த ஜூலையிலும் புதிது போல் தோன்றுகிறது.

இதிலிருந்து வியாபாரி எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. வடக்கு நாடுகளில் அப்பிள் அறுவடை ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை. தெற்கே நியூசிலாந்து, தென்னாபிரிக்கா போன்ற நாடுகளில் பெப்ரவரி முதல் மே வரை. ஜூன், ஜூலையில் வாங்கும் அமெரிக்க அப்பிள் போன வருடத்துப் பழம். களஞ்சியத்துக்கு வெளியே வந்ததும் அது வேகமாக மாவாகிவிடும். அந்த மாதங்களில் தெற்கு நாட்டுப் பழமே பாதுகாப்பு. மற்றதை வாங்கினால் குறைவாக வாங்கி விரைவாக விற்க வேண்டும்.

2. அப்பிள் எதிலீனை வெளியிடும் பழம். மூடிய அறையில் அதன் பக்கத்தில் வாழைக்குலையையோ இலைக் கீரையையோ வைத்தால் வாழை கெதியாகப் பழுக்கும், கீரை மஞ்சளாகும். வேறாக வையுங்கள்.

3. திராட்சை பறித்த பிறகு இனிப்பாவதில்லை. புளிப்பாக வந்தது புளிப்பாகவே இருக்கும். "நாலு நாள் வைத்தால் சரியாகும்" என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். பெட்டியைத் திறந்து ருசி பார்த்து வாங்குங்கள்.

4. திராட்சைப் பெட்டிக்குள் இருக்கும் தாள், பூஞ்சணத்தைத் தடுக்கக் கந்தகவீரொட்சைட்டு வெளியிடும் தாள். அதை எடுத்து வீசிவிட்டுப் பழத்தை வெப்பத்தில் வைத்தால் ஒரு பழத்தின் பூஞ்சணம் கொத்து முழுவதும் பரவும். விற்பனைக்கு எடுக்கும் வரை பெட்டியோடு குளிரிலேயே இருக்கட்டும்.

5. இறக்குமதி செய்பவர்கள் மருந்து மிச்சம் பற்றிய பரிசோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும். 2010இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையில் குளோர்மெகுவாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி இருப்பதாகக் கண்டு கொள்கலன்கள் நிறுத்தப்பட்டன. பழம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஏற்றுமதியாளர்களுக்கு ஏற்பட்ட நட்டம் பெரிது.

காணி எடுக்க நினைப்பவர்களுக்கு

அப்பிள் கன்று விற்பவர் ஒருவர் வந்தால் அவரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். இனத்தின் பெயர் என்ன? எத்தனை மணித்தியாலக் குளிர் தேவை? எந்த அடிமரத்தில் ஒட்டியது? மகரந்தத்துக்குத் துணை இனம் எது? இதே உயரத்தில், இதே மழையில், இலங்கையில் எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடமாகக் காய்க்கிறது? கடைசிக் கேள்விக்கு நேரில் கூட்டிப்போய்க் காட்ட முடியாதவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். சீதா எலியவிலும் பண்டாரவளையிலும் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. முதலில் அங்கு போய் விசாரிப்பதற்குப் பஸ் காசு மட்டுமே செலவு.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். மலையகத்தில் ஏற்கனவே காய்த்துக்கொண்டிருப்பவை பியர்ஸும் ஸ்ட்ரோபெரியும். பியர்ஸில் குறைந்த குளிரோடு திருப்திப்படும் இனங்கள் உண்டு. ஸ்ட்ரோபெரிக்கு நுவரெலியாக் காலநிலை நன்றாகவே ஒத்துவருகிறது. அவற்றைத் தரம் பிரித்து, நசுங்காமல் பெட்டியில் அடைத்து, குளிர் லொறியில் கொழும்புக்குக் கொண்டுவருவதில் முதலிடலாம். வடக்கே திராட்சைக்காரரோடு பருவம் பேசலாம். அப்பிளை ஆசைக்கு நாலு கன்று நட்டுப் பாருங்கள். முதல் முழுவதையும் அதில் போட வேண்டாம்.