திரும்பி ஓடும் காற்று

குழாயின் திருகை மூட மூட, அதிலிருந்து விழும் நீர் குறையும், வேறொன்றும் நிகழாது. ஆனால் ஒரு மையவிலக்குக் கம்ப்ரசரின் வெளிவாயிலை இவ்வாறு மூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இயந்திரம் உறுமும், அதிரும், முன்னே செல்ல வேண்டிய காற்று பின்னே ஓடி வரும். இது தொடர்ந்தால் பேரிங்குகள் கெடும். சக்கரமே சேதமடையவும் கூடும். அம்மோனியா தயாரிக்கும் உரத் தொழிற்சாலையிலும், இயற்கை வாயுவைக் குழாய்வழி அனுப்பும் நிலையங்களிலும் பொறியாளர்கள் அஞ்சும் நிகழ்ச்சி இது. காற்று ஏன் திரும்புகிறது?

முதலில் கம்ப்ரசர் வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். இம்பெல்லர் எனப்படும் சக்கரத்தில் வளைந்த தகடுகள் பல உள்ளன. சக்கரம் சுழலும்போது, நடுவில் நுழையும் காற்று விளிம்பை நோக்கி வேகமாக வீசப்படுகிறது. சக்கரத்தைச் சுற்றியுள்ள டிப்யூசர் என்னும் அகன்ற பாதையில் அந்த வேகம் குறைகிறது. காற்று இழந்த இயக்க ஆற்றல் அழுத்தமாக மாறுகிறது.

ஆகவே, இங்கே காற்று குறைந்த அழுத்தத்திலிருந்து மிகுந்த அழுத்தத்தை நோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. இதை மேட்டில் ஏறும் சைக்கிளுக்கு ஒப்பிடலாம். வேகமாக வந்த சைக்கிள் மிதிக்காமலே மேடேறிவிடும். மெதுவாக வந்தது பாதியில் நின்று பின்னால் உருளும். சுவரை ஒட்டிச் செல்லும் காற்று உராய்வினால் வேகம் இழந்தது. முதலில் திரும்புவது அதுவே.

வெளிவாயிலை மூடும்போது உள்ளே வரும் காற்றின் வேகம் குறைகிறது. சக்கரத்தின் வேகமோ குறைவதில்லை. அதனால் காற்று தகட்டின் முனையில் கோணம் தவறி மோதி, தகட்டின் பரப்பை விட்டுப் பிரிந்து சுழல்கிறது. இதற்கு ஸ்டால் என்று பெயர். உறையை ஒட்டிய காற்று நுழைவாயிலுக்கே திரும்பி வந்து, மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. சக்கரத்திடம் ஏற்கெனவே ஆற்றல் பெற்றுவிட்டதால் அது சூடாக இருக்கும். நுழைவாயிலின் ஓரத்தில் வெப்பநிலை உயர்வது இதன் அடையாளம்.

ஸ்டால் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. அடைபட்ட இடைவெளியிலிருந்து விலகும் காற்று பக்கத்து இடைவெளியில் கோணலாகப் புகுந்து அதையும் அடைக்கிறது. மறுபக்கத்து இடைவெளி சீராகிறது. இவ்வாறு அடைப்பு தகட்டுக்குத் தகடு தாவிச் செல்வதை 1955-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எம்மன்சும் அவருடைய துணைவர்களும் விளக்கினார்கள்.

வாயிலை மேலும் மூடினால் சர்ஜ் தோன்றும். வெளிக்குழாயில் தேங்கிய காற்று கம்ப்ரசர் வழியே மொத்தமாகப் பின்னோக்கிப் பாய்கிறது. குழாயில் அழுத்தம் இறங்கியதும் கம்ப்ரசர் மீண்டும் காற்றைத் தள்ளுகிறது. அழுத்தம் ஏறியதும் மீண்டும் தோற்கிறது. சக்கரத்தின் வேகமும் அதன் பின்னுள்ள கொள்ளளவும் பெரிதாக இருந்தால் சர்ஜ் தோன்றும் வாய்ப்பு மிகும் என்பதை, 1976-இல் எட்வர்ட் கிரைட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் கணித வழியில் காட்டினார்.

இதற்குப் பரிகாரம் என்ன? வெளிவாயிலிலிருந்து நுழைவாயிலுக்கு ஒரு பக்கக் குழாய் அமைத்து, அதில் விரைவாகத் திறக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஓட்டம் ஆபத்தான எல்லையை நெருங்கும்போது, பெரும்பாலும் 10 விழுக்காடு அளவு இடைவெளி இருக்கும்போதே, வால்வு திறந்துகொள்ளும். வெளியேறிய வாயுவில் ஒரு பகுதி குளிர்விக்கப்பட்டு மீண்டும் சக்கரத்துக்கு வருகிறது, ஓட்டம் கூடுகிறது, தகடுகள் சரியான கோணத்தைப் பெறுகின்றன. சில டர்போசார்ஜர்களில் உறையிலேயே ஒரு பிளவு அமைத்து இதே உதவியைப் பெறுகிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருமுறை அழுத்திய வாயுவையே மறுபடியும் அழுத்துவதால் ஆற்றல் வீணாகிறது. வால்வைச் சீக்கிரம் திறந்தால் எரிபொருள் நஷ்டம். தாமதித்தால் இயந்திரமே நஷ்டம். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான எல்லையைக் குறிப்பதுதான் கம்ப்ரசர் பொறியாளரின் வேலை.