இணையப் பக்கம் உருவாகும் விதம்

பிள்ளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்புவது முதல், சேமநிதிக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது வரை, இன்று பல காரியங்கள் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகின்றன. சில வேளைகளில் முடியாமலும் போகின்றன. விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். எல்லாவற்றையும் நிரப்பி, 'அனுப்பு' என்ற இடத்தைத் தொட்டால், வெள்ளைத் திரையில் 502 என்றோ 504 என்றோ ஓர் எண் வந்து நிற்கிறது. அந்த எண் என்ன சொல்கிறது? கோளாறு நம் கைப்பேசியிலா, வேறெங்குமா? மறுபடியும் தொடலாமா, கூடாதா? இதற்கு விடை காண, ஓர் இணையப் பக்கம் எப்படி உருவாகி நம்மிடம் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இணையப் பக்கங்கள் இரண்டு வகைப்படும். தோட்ட ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. யார் வந்து படித்தாலும் ஒரே செய்திதான். சம்பளச் சீட்டோ அப்படிப்பட்டதன்று. கிராணி செக்ரோலைப் புரட்டி, எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால், என்னென்ன பிடித்தம் என்று கணக்குப் பார்த்து, ஆளுக்கொன்றாக எழுத வேண்டும். அறிவிப்பைப் போன்றது நிலையான பக்கம். சம்பளச் சீட்டைப் போன்றது, கேட்பவருக்குத் தக்கபடி அந்த நேரத்திலேயே உருவாகும் பக்கம். உங்கள் சேமநிதித் தொகையும், உங்கள் பிள்ளையின் விண்ணப்ப நிலையும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

இணையத்தில் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் நிரலுக்கு வலை வழங்கி என்று பெயர். தொழிலில் உள்ளவர்கள் 'வெப் சர்வர்' என்பார்கள். 1990ஆம் ஆண்டு இறுதியில், சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வலை வழங்கியை இயக்கினார். எழுதி வைத்த ஏட்டைக் கேட்டவருக்கு எடுத்துத் தருவதே அதன் அடிப்படை வேலை. கணக்குப் பார்த்து எழுதுவதற்கு வேறொரு நிரல் தேவைப்பட்டது. அந்த இரண்டையும் இணைப்பது எப்படி என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையம் ஒரு வழி கண்டது. அதன் பெயர் சி.ஜி.ஐ. ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டதும், வலை வழங்கி ஒரு நிரலைப் புதிதாகத் தொடங்கும். நிரல் விடையை எழுதிக் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். அடுத்தவர் கேட்டால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து. சீட்டுக்கு ஒரு கிராணியை வேலைக்கு எடுத்து, எழுதி முடித்ததும் அனுப்பிவிடுவதைப் போன்றது இது. பத்துப் பேர் வந்தால் சமாளிக்கலாம். பத்தாயிரம் பேர் வந்தால் கணினி திணறிப்போகும்.

ஆகவே, நிரலை எப்போதும் விழித்திருக்கச் செய்யும் முறைகள் வந்தன. அப்படி விழித்திருந்து, கேள்வி வந்ததும் தரவுக் களஞ்சியத்தைப் பார்த்துப் பக்கத்தை உருவாக்கும் நிரலே செயலி வழங்கி. ஜாவா மொழியில் எழுதிய நிரல்களுக்கு டாம்கேட் என்ற வழங்கி பெயர் பெற்றது. 1999இல் அது அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது.

செயலி வழங்கியே நேராக மக்களுக்கு விடை சொல்லலாமே, நடுவில் வலை வழங்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. செயலி வழங்கியால் ஒரே நேரத்தில் இத்தனை கேள்விகளைத்தான் கவனிக்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. அலைவரிசை மெலிந்த தோட்டப்புறத்திலிருந்து ஒருவர் விண்ணப்பத்தை அனுப்பினால், அது துளித்துளியாகத்தான் போய்ச் சேரும். அதுவரை செயலி வழங்கியில் ஓர் இடம் சும்மா காத்திருக்க நேரிடும். வாசலில் வலை வழங்கி இருந்தால், துளிகளை அது சேர்த்து வைத்து, முழுமையானதும் உள்ளே தரும். விடையை உடனே வாங்கிக்கொண்டு, மெதுவான தொலைபேசிக்கு மெதுவாகவே அனுப்பும். படங்களையும் நிலையான பக்கங்களையும் தானே கொடுத்துவிடும். செய்தியை மறைபொருளாக்கிப் பூட்டும் வேலையையும் அதுவே செய்யும். 2004இல் ரஷ்யரான ஈகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி, ஒரே நேரத்தில் பல்லாயிரம் இணைப்புகளைத் தாங்குவதில் பெயர் பெற்றது.

இரண்டையும் இணைப்பது எப்படி? ஒரு கணினியில் பல கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பொதுமக்கள் வருவது 80, 443 என்ற கதவுகளுக்கு. அங்கே வலை வழங்கி காத்திருக்கும். டாம்கேட் வழக்கமாக 8080ஆம் கதவில் இருக்கும். "இன்ன முகவரிக்கு வரும் கேள்விகளை 8080க்கு அனுப்பு" என்று வலை வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அப்பாச்சியிலும் என்ஜின்எக்ஸிலும் 'புரோக்சி பாஸ்' என்ற கட்டளை இந்த வேலையைச் செய்கிறது. கேட்டவர் யார் என்பதையும் வலை வழங்கி உடன் எழுதி அனுப்ப வேண்டும். இல்லையென்றால், எல்லாக் கேள்விகளும் வலை வழங்கியிடமிருந்தே வருவதாகச் செயலி வழங்கி எண்ணிக்கொள்ளும்.

இன்னொன்றும் முக்கியம். உள்கதவை ஊராருக்குத் திறந்து வைக்கக் கூடாது. டாம்கேட்டிற்கு 8009 என்று மற்றொரு கதவும் உண்டு. அது வலை வழங்கியோடு மட்டும் பேசுவதற்கு. அந்தக் கதவு பல இடங்களில் வெளியாருக்கும் திறந்தே கிடந்தது. அதன் வழியாக உள்ளேயிருக்கும் கோப்புகளைப் படித்துவிடலாம் என்பது 2020இல் வெளிப்பட்டது. அதற்குப் பின் வந்த திருத்தப் பதிப்புகளில் அந்தக் கதவு, கேட்டால்தான் திறக்கும்படி மாற்றப்பட்டது.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம்.

404 என்றால், நீங்கள் கேட்ட முகவரியில் பக்கம் இல்லை. முகவரியைச் சரிபாருங்கள்.

502 என்றால், வாசலில் உள்ள வலை வழங்கி நன்றாக இருக்கிறது. உள்ளே உள்ள செயலி வழங்கியிடமிருந்து சரியான விடை கிடைக்கவில்லை. பெரும்பாலும் அது நின்றுபோயிருக்கும். 503 என்றால், கூட்டம் மிகுதியாலோ பராமரிப்பு வேலையாலோ இப்போதைக்குச் சேவை இல்லை.

504 என்றால், வலை வழங்கி கேள்வியை உள்ளே கொடுத்துவிட்டு, குறித்த நேரம்வரை காத்திருந்தும் விடை வரவில்லை. மாற்றாவிட்டால், என்ஜின்எக்ஸில் அந்தக் காத்திருப்பு 60 விநாடி. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. வாசலில் இருப்பவர் காத்திருப்பதை நிறுத்திவிட்டார் என்பதனால், உள்ளே வேலை நின்றுவிட்டது என்று பொருளில்லை. உங்கள் விண்ணப்பம் பதிவாகியிருக்கலாம். நீங்கள் கட்டிய பணம் போய்ச் சேர்ந்திருக்கலாம். மீண்டும் தொட்டால் இரண்டு முறை பணம் கழிய வாய்ப்புண்டு. 502 வந்தாலும் இதே எச்சரிக்கை நல்லது. ஆகவே, முதலில் வங்கிக் கணக்கையும், வந்த குறுஞ்செய்தியையும், விண்ணப்பப் பட்டியலையும் பாருங்கள். பதிவாகவில்லை என்று உறுதியான பின்னரே மறுபடியும் அனுப்புங்கள். திரையில் வந்த எண்ணையும் நேரத்தையும் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னர் முறையிட உதவும்.

ஐந்நூறில் தொடங்கும் இந்த எண்கள் யாவும் கோளாறு அந்தப் பக்கத்தில் என்றே சொல்கின்றன. இதற்காகக் கைப்பேசியை மாற்ற வேண்டியதில்லை; பழுது பார்ப்பவருக்குக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. கடைசி நாள்வரை காத்திராமல் சில நாள் முன்னதாகவே அனுப்புவது, இந்தத் தொல்லைக்கு நம் கையிலுள்ள மருந்து.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். டாம்கேட்டும் என்ஜின்எக்ஸும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பழைய கணினி போதும். முதலில் டாம்கேட்டை இயக்கி, 8080ஆம் கதவில் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜின்எக்ஸை முன்னே நிறுத்தி இரண்டையும் இணையுங்கள். அடுத்து, வேண்டுமென்றே டாம்கேட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தைக் கேளுங்கள். 502 வரும். மறுபடி இயக்கினால் பக்கம் வந்துவிடும். இந்தச் சோதனையை ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம். இதைக் கற்றுக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அவர்களுள் சேரலாம்.