கற்பனைக் கணங்களும் தமிழ் இலக்கணமும்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, பகடை உருட்டி, ஒரு கதையைக் கூடிப் புனையும் ஆட்டம் இன்று மாணவரிடையே பரவிவருகிறது. 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. ஆடுவோர் மனிதராகவோ, எல்ஃப், ட்வார்ஃப் முதலிய கற்பனை மாந்தராகவோ வேடமேற்பர். புதிய மாந்தரைத் தாமே வகுத்துக்கொள்வதும் உண்டு. அவ்வாறு தமிழில் வகுக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் வினாக்கள் மூன்றனை இங்கு ஆராய்வோம்.

முதல் வினா, பொதுப்பெயர் பற்றியது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘ரேஸ்’ என வழங்கினர். 2024ஆம் ஆண்டின் ஆட்டநூல் அதனை விடுத்து ‘ஸ்பீஷீஸ்’ என்றது. தமிழில் ‘இனம்’ என்பதும் பொருந்தாது. சிங்கப்பூரில் அச்சொல் நம்முடன் வாழும் மக்களைச் சுட்டுவது. ‘இவ்வினத்தார்க்கு வலிமை இரண்டு மிகும், அறிவு இரண்டு குறையும்’ என்னும் விதி வகுப்பறையில் ஒலித்தால், அது ஆட்டத்தோடு நின்றுவிடாது. நம் மரபில் கின்னரர், இயக்கர், கருடர், பூதர் முதலியோரைப் பதினெண்கணம் என்றனர். ஆகவே, ‘கணம்’ என்னும் சொல்லையே நாம் பரிந்துரைக்கிறோம்.

இரண்டாம் வினா, திணை பற்றியது. மக்கள், தேவர், நரகர் ஆகியோரை உயர்திணை என்றது நன்னூல். தொல்காப்பியரோ மக்கள் என்று கருதப்படுவதையே அளவாகக் கொண்டார். உருவத்தை அளவாகக் கொள்ளவில்லை. சிராங்கூன் சாலையிலுள்ள பெருமாள் கோயிலில் வணங்குவோர் ‘கருடன் வந்தான்’ என்பர். வானில் வட்டமிடும் பறவையைக் கண்டால் ‘கருடன் வந்தது’ என்பர். ஆங்கிலத்தில் வினைமுற்று இவ்வேறுபாட்டைக் காட்டாது. தமிழிலோ புதிய கணத்தைப் பற்றிய முதல் வாக்கியத்திலேயே அவர்களை மக்களாக ஏற்கிறோமா என்று முடிவுசெய்தாக வேண்டும். பகைக் கணத்தை ‘அது’ என்று சொல்லிப் பழகியவர்க்கு அதனைக் கொல்வதும் எளிதாகிவிடும்.

மூன்றாம் வினா, வாழ்வு பற்றியது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனத் தொல்காப்பியம் கூறும் கருப்பொருள்கள் எட்டும் ஒரு கணத்தைப் படைக்கப் போதிய சட்டகமாகும். காலாங் ஆற்றின் நீர்நாய்களைக் கண்டு ஒரு மாணவர் நீர்நாய்க் கணத்தைப் படைக்கிறார் எனக் கொள்வோம். உணவு மீன், மரம் கண்டல், பறவை கொக்கு. தொழில் என்ன? எத்தெய்வத்தை வணங்குவர்? ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் கரைக்கு வெவ்வேறு பெயர் இடுவரா? இவற்றுக்கு விடை கூறும்போது அக்கணம் உயிர்பெறுகிறது.

மொழியின் இடம் யாதென்பதை மணிமேகலை காட்டுகிறது. கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனைக் கொன்று தின்ன வந்தோர், அவன் தம் மொழியில் பேசக் கேட்டுப் பணிந்து விலகினர். அவர்தம் தலைவன் சாதுவனோடு அறம் பற்றி உரையாடுகிறான். அச்சுறுத்தும் அயலாராக வந்தோர் மொழியால் மக்களாகின்றனர்.

ஆகவே, ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாக அமைக்கலாம். மாணவர் முதலில் எட்டுக் கருப்பொருளையும், பின்னர் அக்கணத்தார் பேசும் பத்துச் சொற்களையும் எழுதட்டும். வலிமைக்கும் அறிவுக்கும் உரிய எண்களை இறுதியில் இடுதலே முறை.